அகலமான சாலையும் நேரத்துக்கு வரும் வண்டியும்

(காரைக்கால் வட்டாரத்தில் நடைபெற்ற கிராமத்தார் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



இன்று நம் கிராமங்களில் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் அடிபடுகிற பேச்சு நாலு வழிச் சாலையைப் பற்றியதே. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரும் தேசிய நெடுஞ்சாலையில், சட்டநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள 56 கிலோமீட்டரை நாலு வழியாக்குவதற்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி புதுச்சேரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நமது காரைக்கால் மாவட்டத்தின் ஊடே செல்லும் இப்பகுதிக்கு அன்று மதிப்பிடப்பட்ட செலவு 2,426 கோடி ரூபாய். “சாலை அகலமானால் ஊர் முன்னேறும்” என்கிறார் ஒருவர். “நிலம் போயிற்றே, இனி என்ன முன்னேற்றம்?” என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நம்மில் அநேகர் கேட்பதில்லை. அச்சாலை முடிந்த பிறகு நம் ஊரார் எந்த வண்டியில் ஏறிப் போவார்கள்? அந்த வண்டி எத்தனை மணிக்கு வரும்? இக்கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

எங்கள் கையால் நேர்ந்த ஒரு குறை

முதலில் எங்கள் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், வாய்க்கால் கரையோரமாக மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர் இருந்தது. மழைக்காலத்தில் முழங்கால் சேறு. “எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம், ஒரு ரோடு போட்டுக் கொடுங்கள்” என்று ஊரார் பல காலம் மனுச் செய்து வந்தார்கள். பணம் ஒதுக்கப்பட்டது, கப்பி பரப்பித் தாரும் போட்டாயிற்று. திறப்பு விழாவும் நடந்தது. நாங்களும் மன நிறைவோடு திரும்பினோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மாலை அப்பக்கம் போக நேர்ந்தது. அந்தப் புதிய தார்ச் சாலையில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பஸ் உள்ளே வருவதில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. நடுவில் உள்ள மதகுப் பாலம் பஸ் ஏறுவதற்குப் போதிய அகலம் இல்லை. ஊர்க்கோடியில் வண்டியைத் திருப்புவதற்கும் இடம் விடவில்லை. இவ்விரண்டையும் சாலை போடும்போதே சிறு செலவில் செய்திருக்கலாம். நாங்கள் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. பத்தாம் வகுப்புத் தேறிய ஒரு பெண், மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்ப வழியில்லாத காரணத்தால் மேல்படிப்பை நிறுத்திவிட்டாள் என்றும் அன்று அறிந்தோம். அவள் தகப்பனார் எங்கள் மீது குறை கூறவில்லை. “ரோடு ரொம்ப நன்றாயிருக்கிறது, ஐயா” என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை இன்றளவும் எங்களால் மறக்க முடியவில்லை.

சாலை என்பது வழி. பயணம் என்பது வேறு. வழியை மட்டும் அமைத்துவிட்டுப் பயணத்தை மக்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது அரை வேலை. அந்தச் சிற்றூருக்கு நாங்கள் செய்த தவறு இதுவே. ஒரு மாவட்டம் முழுதும் அதே தவறு நேராமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய கடமை.

சாலை நிரம்பும் கணக்கு

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணுவது இயற்கை. வாய்க்காலை அகலப்படுத்தினால் தண்ணீர் தடையின்றி ஓடும் அல்லவா? ஆனால் வாய்க்காலில் வரும் தண்ணீர் மேலே மதகில் திறக்கும் அளவுதான். சாலைக்கு அப்படி மதகு கிடையாது. இடம் உண்டாக்கினால், அந்த இடத்தைத் தேடி வண்டிகள் பெருகும்.

சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை அதை ஆறு வழியாக்கி 2008ஆம் ஆண்டில் திறந்தார்கள். வண்டிகளும் குடியிருப்புகளும் அலுவலகங்களும் அதன் இரு மருங்கிலும் பெருகின. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், சிறுசேரிக்குச் செல்லும் தடத்தை அதே சாலையை ஒட்டியே அமைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் விரிவாக்கி முடித்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்து மிக அகலமான இடத்தில் 26 வழிகள் இருந்தன. அப்படியிருந்தும் 2011க்கும் 2014க்கும் இடையில் காலை மாலை நேரங்களில் அச்சாலையில் பயணம் செய்ய ஆகும் நேரம் கூடிப்போயிற்று. பணத்துக்கும் நிலத்துக்கும் குறைவில்லாத தேசத்தின் அனுபவம் இது.

நம் ஊர்க் கணக்கையே பார்ப்போம். ஒவ்வொரு வண்டியும் சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ், கிராமப்புறச் சாலைகளுக்கென்று ஓர் அளவு வகுத்திருக்கிறது. ஒரு மோட்டார் காரை 1 என்று கொண்டால், மோட்டார் சைக்கிள் அரை. பஸ் அல்லது லாரி 3. டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை. பெரிய மாட்டு வண்டி 8. இப்போது ஐம்பது பேர் திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் இருவர் இருவராகப் போனால் 25 வண்டிகள்; அவை அடைக்கும் இடம் பன்னிரண்டரை. காரில் நால்வர் நால்வராகப் போனாலும் அதே பன்னிரண்டரைதான். ஒரே பஸ்ஸில் போனால் 3. ஆக, நாலில் மூன்று பங்கு இடம் மிச்சமாகிறது. சாலையை ஒரு முழம்கூட அகலப்படுத்தாமல், ஓர் அங்குல நஞ்சையும் எடுக்காமல் கிடைக்கும் இடம் இது.

நமக்கு நிலம் எவ்வளவு?

இடத்தை மிச்சம் பிடிப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம்? நமது மாவட்டம் சுமார் 160 சதுரக் கிலோமீட்டர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதில் வசித்தவர்கள் இரண்டு லட்சம் பேர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நிலம் பெருகுவதற்கு வழியே இல்லை.

நாலு வழிச் சாலைக்கு 60 மீட்டர் அகலம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர் ஆகிறது. ஏறக்குறைய 15 ஏக்கர். நம் பக்கத்துக் கணக்கில் இரண்டேகால் வேலி. பழைய சாலையின் இடம் இதில் ஒரு பங்கு என்றாலும், மீதி வயலிலிருந்தும் மனையிலிருந்துமே வரவேண்டும். ஒற்றை ரயில் பாதைக்கு இதில் பாதி அகலமே அதிகம். நில எடுப்புப் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பல போகம் விளையும் பாசன நிலத்தை எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நெடுஞ்சாலை, ரயில் பாதை போன்ற நீண்ட வேலைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்று அதே பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே நஞ்சை என்ற காரணத்தால் மட்டும் நம் வயல் தப்பிவிடாது என்பதை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டும்.

நிலத்தைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது தண்ணீர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு என்று நம் ஆறுகள் யாவும் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி ஓடுகின்றன. நெடுஞ்சாலையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. நாம் கடைமடைக்காரர்கள். மேலே உள்ள வயல்களின் வடிகால் எல்லாம் நம் வழியாகவே கடலுக்குப் போகவேண்டும். உயர்த்திய சாலைக் கரையில் மதகும் குழாயும் ஒன்று குறைந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மேற்குப் பக்கத்துச் சம்பா நீரில் நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இப்படிச் சொல்வதால் சாலையே வேண்டாம் என்று நாங்கள் கூறுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. துறைமுகத்து லாரிகள் ஊர் நடுவே, பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போவதைவிட, ஊருக்கு வெளியே போவது நல்லதே. நெல்லும் உரமும் அறுவடை இயந்திரமும் பஸ்ஸில் ஏறாது. சாலை வேண்டும். ஆனால் சாலை ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது.

நாம் இழந்து மீண்டும் பெற்ற ரயில்

காரைக்கால் மக்களுக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கிற்று. அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக 23 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். நம் பாட்டனார்கள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டிப் போனதும் வந்ததும் அந்த வண்டியில்தான். 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் போன பிறகும் வண்டி ஓடிற்று. 1980களின் பிற்பகுதியில் அது நிறுத்தப்பட்டது. தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. பக்கத்தில் 1926இல் திறக்கப்பட்ட மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலும் அதே பத்தாண்டில் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் காரைக்காலில் ரயில் கூவல் கேட்கவில்லை. 2011 டிசம்பரில் நாகூர் வழியாக அகலப் பாதையில் ரயில் மீண்டும் வந்தது. பேரளம் பாதையும் அகலப் பாதையாகத் திரும்ப இடப்பட்டு, 2025இல் சோதனை வண்டி ஓடிற்று. நிறுத்துவதற்கு ஓர் உத்தரவு போதுமாயிருந்தது. திரும்பப் பெறுவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. நிறுத்திய காலத்தில், “பஸ்தான் இருக்கிறதே, ரயில் எதற்கு?” என்று நினைத்தவர்கள் நம்மிலும் இருந்திருப்பார்கள். பஸ் போதாமல் மோட்டார் சைக்கிளும், மோட்டார் சைக்கிள் பெருகியதால் அகலச் சாலையும் தேவையாயின. ஒன்றை விட்டதன் விலையை மற்றொன்றில் கொடுத்து வருகிறோம்.

சரக்குக்கும் இதே கணக்குத்தான். டெல்டாவின் ரயில் நிலையங்களிலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயிலை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 42 வாகன்களில் ஏறக்குறைய 2,000 டன் நெல் போகிறது. 20 டன் லாரியில் அனுப்பினால் நூறு லாரி வேண்டும். அந்த நூறு லாரியும் நம் ஊர்ச் சாலையில் ஓடாமல் இருப்பதே ஒரு வகையில் சாலையை அகலப்படுத்தியது போலத்தான்.

பாதை வந்தது பெரிய காரியம். ஆனால் காலை எட்டு மணிக்குள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடாத ரயில், கிராமத்தாருக்குப் பாதி ரயில்தான். நிலையத்துக்குச் செல்ல பஸ் இல்லையென்றால் அதுவும் கால் ரயில் ஆகிவிடும். நெடுங்காட்டில் இறங்கவேண்டியவர் திருநள்ளாற்று நிலையத்தில் இறங்கி ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தால், மறுநாள் அவர் மோட்டார் சைக்கிளில்தான் புறப்படுவார். பிறகு “ரயிலில் கூட்டமில்லை” என்ற பேச்சு எழும். அதன் முடிவை நாம் ஏற்கனவே ஒரு முறை பார்த்திருக்கிறோம்.

நாம் செய்யவேண்டியவை

ஆகவே கிராமங்களில் பொறுப்பேற்றிருப்போர் செய்யக்கூடிய காரியங்கள் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கெடுங்கள். “எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்” என்று மட்டும் எழுதிய மனு கட்டோடு கட்டாகக் கிடக்கும். எத்தனை பேர், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்பவர் எத்தனை பேர், திருவேட்டக்குடி தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், செருமாவிலங்கை வேளாண்மைக் கல்லூரிக்குப் போவோர் எத்தனை பேர், சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றில் பூ விற்கப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். இதை இளைஞர் மன்றமும் மகளிர் குழுவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். எண்ணிக்கையோடு வரும் மனுவை ஒதுக்கித் தள்ளுவது எந்த அதிகாரிக்கும் எளிதல்ல. இதை அதிகாரி என்ற முறையிலேயே சொல்கிறோம்.

இரண்டாவது, எல்லையைப் பற்றி யோசியுங்கள். நமக்கு ஆஸ்பத்திரி இப்பக்கம், சந்தை அப்பக்கம். பெண் கொடுத்தது அப்பக்கம், வயல் இப்பக்கம். ஆனால் பஸ்ஸின் பெர்மிட்டு எல்லையை மதிக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, ஓரிடத்துப் பெர்மிட்டு மறு மாநிலத்தில் செல்லுபடியாக மேலொப்பம் வேண்டும்; இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொள்ளவும் அச்சட்டம் வழி வகுக்கிறது. ஆதலால் எல்லைக்கு இருபுறமும் உள்ள கிராமங்கள் சேர்ந்து ஒரே வழித்தடத்துக்கு ஒரே மனுவை இரு அரசுகளுக்கும் அனுப்புவதே பலன் தரும். தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம், உட்கிராமங்களைப் பெரிய சாலையோடு இணைக்க வந்தது. 2025 ஜூனில் அதைப் புதிய விதிகளோடு விரிவாக்கினார்கள். பெரிய பஸ் திரும்ப முடியாத தெருவிலும் சிறிய பஸ் திரும்பும். நம் கிராமங்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு அது.

மூன்றாவது, சாலை போடும்போதே பஸ்ஸுக்கு வேண்டியதைக் கேளுங்கள். புறவழிச் சாலை வந்தால், தூர ஊர் பஸ்கள் ஊருக்குள் வராமல் வெளியோடு போய்விடும். அவை நின்று ஏற்றிச் செல்லச் சாலையோரத்தில் ஒதுக்கிடம் உண்டா? அங்கே நிழலும் விளக்கும் உண்டா? கிழக்கே வீடும் மேற்கே வயலுமாக உள்ளவர், டிராக்டரோடும் மாட்டோடும் கடக்கக் கீழ்ப்பாலம் எங்கே? பக்கச் சாலை எதுவரை? வடிகால் மதகு எத்தனை, எவ்வளவு அகலம்? வரைபடம் மேஜை மீது இருக்கும்போது இவற்றைக் கேட்டால் காகிதத்தில் ஒரு கோடு; தார் போட்ட பிறகு கேட்டால் பல ஆண்டுப் போராட்டம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தரவேண்டும். அந்த 21 நாளும் அறுவடை நாளாக இருந்தாலும் அசட்டை செய்யாதீர்கள்.

நான்காவது, வந்த வண்டியில் ஏறுங்கள். புதிய பஸ்ஸோ ரயிலோ வந்த முதல் ஆறு மாதம் அதற்குச் சோதனைக் காலம். அப்போது ஆளில்லாமல் ஓடினால், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் நிலைக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு அதில் ஏறிப் போங்கள். அதே சமயம் வண்டி நேரத்துக்கு வரவில்லையென்றால் பொறுமையாக இருந்துவிடாதீர்கள். தாமதத்தைத் தேதியும் நேரமும் இட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, மாதந்தோறும் உரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

அன்பர்களே, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்த காலத்தில் பஸ்ஸும் ரயிலும் எதற்கு என்று கேட்பவர் உண்டு. வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் அதில் போகிறவர் பெரும்பாலும் ஆண்பிள்ளை. கிழவியும், கைக்குழந்தைக்காரியும், நடவுக்குப் போகும் கூலிப் பெண்ணும், பள்ளிக்கூடப் பிள்ளையும் இன்னும் சாலையோரத்தில்தான் நிற்கிறார்கள். அகலமான சாலையில் அவர்களைக் கடந்து போகும் வண்டிகள் மிகுதி. அவர்களுக்காக நிற்கும் வண்டி ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பதே கிராம நிர்வாகத்தின் அளவுகோலாக இருக்கட்டும்.

அன்று அந்தத் தகப்பனார் எங்களிடம், “ரோடு நன்றாயிருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை நாங்கள் ஒரு சாலையைத் திறக்க வரும்போது, “மாலை ஐந்து மணி பஸ்ஸில் பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்” என்று உங்களில் ஒருவர் சொல்லக் கேட்கவேண்டும். அதற்கான மனுவை இன்றே எழுதத் தொடங்குவோம். கணக்கெடுக்க வேண்டிய படிவம் வேண்டுமானால் எங்கள் அலுவலகத்தில் தயாரித்துத் தருகிறோம். உடன் வந்து எழுதவும் ஆயத்தமாக இருக்கிறோம்.